ட்ரெய்லருக்குக் காவல்: பூட்டும் நாதாங்கியும்

2025 மார்ச், ஸ்ப்ரிங் பிரேக் விடுமுறை. டெக்சஸில் ஓர் ஏரிக்கரையில், கட்டணம் இல்லாத பொதுநிலத்தில் எங்கள் ட்ரெய்லரை நிறுத்தியிருந்தோம். காலை 11 மணிக்கு டிரக்கை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போனோம். நான்கு மணிக்குத் திரும்பி வந்தால் ட்ரெய்லரின் முன்பக்கம் வெறிச்சென்று கிடந்தது. இரண்டு புரொப்பேன் சிலிண்டரும் இல்லை. ஜெனரேட்டர் இருந்த இடத்தில் வெட்டுப்பட்ட சங்கிலி மட்டும் கிடந்தது. பின்னால் மாட்டியிருந்த மகளின் சைக்கிளும் போய்விட்டது. ட்ரெய்லர் நின்ற இடத்திலேயே நின்றது. ஆனால் டிரக்கோடு கோர்க்கும் கப்ளரில் நான் போட்டிருந்த பூட்டு பிளந்து ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஓர் அடி விழுந்திருந்தால் கழன்றிருக்கும். ஏதோ வண்டிச் சத்தம் கேட்டு விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும்.

மகள் சைக்கிள் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

டிராவல் ட்ரெய்லர் என்றால் தெரியாதவர்களுக்கு: டிரக்குக்குப் பின்னால் கோர்த்து இழுத்துப் போகும் சக்கர வீடு. எங்களுடையது 21 அடி நீளம், இரண்டு அச்சு, 2016 மாடல். ஆஸ்டினுக்கு வடக்கே ரவுண்ட் ராக்கில் இருக்கிறோம். வருடத்தில் ஏழெட்டு முறையாவது இதை இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். கேம்ப் போட்ட இடத்தில் ட்ரெய்லரைக் கழற்றி நிறுத்திவிட்டு டிரக்கில் ஊர் சுற்றப் போவதுதான் வழக்கம். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். அந்த ஐந்தாறு மணி நேரத்தில் வீட்டுக்குக் காவல் யார் என்று அதுவரை நான் உட்கார்ந்து யோசித்ததில்லை.

இத்தனைக்கும் எனக்குச் சொந்த ஊர் திண்டுக்கல். பெரியப்பா நாகல்நகர்ப் பக்கம் ஒரு பூட்டுப் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்தவர். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அவர் இல்லை. இருந்திருந்தால் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்திருப்பார். சின்ன வயதில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அரம் தேய்க்கிறதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். "பூட்டையே பார்க்காதடா, நாதாங்கியைப் பாரு. பூட்டு எதைப் பிடிச்சிருக்குன்னு பாரு" என்பார். அந்த ஏரிக்கரையில் நின்றபோது அதுதான் ஞாபகம் வந்தது. நான் ஜெனரேட்டருக்குப் போட்டிருந்த பூட்டு நல்ல பூட்டு. அது அப்படியே இருந்தது. சங்கிலியைத்தான் வெட்டியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, உடைந்த கப்ளர் பூட்டைக் கழற்றி மேசையில் வைத்துப் பிரித்தேன். கப்ளர் என்பது ட்ரெய்லரின் மூக்கு. டிரக்கின் பின்னால் உள்ள இரும்புக் குண்டின் மேல் தொப்பி மாதிரி உட்காரும் பாகம். டிரக் இல்லாத நேரத்தில் அந்தத் தொப்பிக்குள் ஒரு போலிக் குண்டைச் செருகி, மேலே ஒரு வளையத்தால் பூட்டிவிட்டால் வேறு யாரும் தங்கள் குண்டை உள்ளே விட முடியாது. யோசனை சரிதான். ஆனால் என் பூட்டின் உடல் முழுக்க அச்சில் வார்த்த அலுமினியக் கலவை. உடைந்த இடத்தில் பார்த்தால் பிஸ்கட் உடைந்த மாதிரி பொரபொரவென்று இருந்தது. கையில் தூக்கினால் கனமாக இருந்ததால் நம்பி வாங்கியது அது.

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று அதே மாதிரி இன்னொன்று வாங்கி வந்து, பழைய கப்ளர் ஒன்றில் மாட்டி, 3 பவுண்டு சுத்தியலால் அடித்தேன். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான். நான்காவது அடியில் கழன்று விழுந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தெரிந்துகொள்ள அந்தச் செலவு தேவைப்பட்டது.

கப்ளரின் மேல் உள்ள தாழ்ப்பாள் துளையில் ஒரு கம்பியைச் செருகிப் பூட்டும் வகை இன்னும் மலிவு. அது தாழ்ப்பாளைத் திறக்கவிடாது, அவ்வளவுதான். குண்டு உட்காரும் குழி காலியாகவே இருக்கும். ட்ரெய்லரின் பாதுகாப்புச் சங்கிலிகளை டிரக்கின் பின்னால் ட்ரெய்லரைக் கோர்க்கும் ஹிட்சில் சுற்றிக் கட்டி, மெதுவாகக் கொஞ்ச தூரம் இழுத்துப் போகிறவர்களும் உண்டு. அதற்குக் கப்ளரே தேவையில்லை. அதனால் மூக்கில் எவ்வளவு நல்ல பூட்டு போட்டாலும் அது பாதி வேலைதான். சக்கரமும் உருளக் கூடாது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை எனக்கு நானே தெளிவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. இரும்பை அறுக்கும், பேட்டரியில் ஓடும் கிரைண்டர் ஒன்று கையில் இருந்தால், விற்பனையில் உள்ள பெரும்பாலான பூட்டுகளைச் சில நிமிடங்களில் அறுத்துவிடலாம். உடைக்கவே முடியாத பூட்டைத் தேடினால் பணம்தான் போகும். சுத்தியலோடு வருகிறவனை, சங்கிலி வெட்டும் போல்ட் கட்டரோடு வருகிறவனைத் திருப்பி அனுப்ப வேண்டும். கிரைண்டரோடு வருகிறவனை, சத்தமும் தீப்பொறியுமாக ஓர் இடத்தில் முடிக்காமல் மூன்று இடங்களில் குனிந்து வேலை செய்ய வைக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில், மற்றவர்கள் நடமாடும் இடத்தில், அதைச் செய்யத் துணிகிறவர்கள் குறைவு. என் திட்டம் இந்த அளவுதான்.

கப்ளருக்கு இந்த முறை வாங்கியது தடித்த இரும்புத் தகடுகளை வெல்டிங் செய்து ஆக்கிய உறை. கப்ளரின் முன்பக்கம், அடிப்பக்கம், தாழ்ப்பாள் மூன்றையும் ஒன்றாக மூடிவிடும். பூட்டு உறைக்குள்ளேயே பதிந்திருக்கும். வட்டமான வகை, கொக்கி வெளியே தெரியாது. கொக்கி தெரியாவிட்டால் போல்ட் கட்டருக்குக் கடிக்க இடம் இல்லை. விலை பழைய பூட்டைப் போல ஐந்து மடங்கு. எடை 15 பவுண்டுக்கு மேல். மனைவி தூக்கிப் பார்த்துவிட்டு, "இதை மாட்டவும் கழற்றவும் நீங்கதான் வரணும், நான் தொடமாட்டேன்" என்றாள். அது நியாயமான குறைதான், பின்னால் அதற்கு வருகிறேன். வாங்குவதற்கு முன் கப்ளரை அளந்துகொள்ளுங்கள். 2 அங்குலக் குண்டுக்கு ஓர் அளவு, 2 5/16 அங்குலக் குண்டுக்கு ஓர் அளவு. ஒரே அளவிலும் கம்பெனிக்குக் கம்பெனி கப்ளரின் உதடு வேறு மாதிரி இருக்கும். நான் முதலில் வாங்கிய உறை கால் அங்குலம் ஆடியது. ஆடினால் அந்த இடைவெளியில் கடப்பாரை நுழையும். திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினேன்.

அப்புறம் சக்கரம். ஒற்றைச் சக்கரத்துக்கு மாட்டும் மஞ்சள் கிளாம்ப் பார்க்க மிரட்டலாக இருக்கும். ஆனால் இரண்டு அச்சு உள்ள ட்ரெய்லரில் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துக் கட்டும் சங்கிலி எனக்கு எளிதாகப் பட்டது. ஹார்டுவேர் கடையில் அடி அளவில் வெட்டித் தரும் 5/16 அங்குலச் சாதாரணச் சங்கிலியைத்தான் ஜெனரேட்டருக்குப் போட்டிருந்தேன். அதன் மிச்சத்தை 24 அங்குல போல்ட் கட்டரால் வெட்டிப் பார்த்தேன். ஒரே அழுத்தில் இரண்டாகப் போனது. அடுத்து, பூட்டுக் கம்பெனிகள் விற்கும் 10 மில்லிமீட்டர் கடினப்படுத்திய சங்கிலி, கண்ணிகள் சதுரமாக இருப்பது. அதே கட்டரை வைத்து முழு உடம்பும் போட்டு அழுத்தியும் சங்கிலியில் கீறல்தான் விழுந்தது; கட்டரின் வாயில் ஒரு பள்ளம் விழுந்தது. அந்தச் சங்கிலியையே வாங்கினேன். அதைத் தரையில் படாமல் இறுக்கமாகக் கட்ட வேண்டும். சங்கிலி தரையில் கிடந்தால் கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி, மறு கைப்பிடியின் மேல் ஏறி நின்று அழுத்தலாம். சுத்தியலுக்கும் தரையே பட்டறைக் கல் ஆகிவிடும்.

இந்தச் சங்கிலியால் ஒரு பெரிய தவறும் நடந்தது. ஏப்ரல் கடைசியில் இங்க்ஸ் லேக் ஸ்டேட் பார்க்கில் இரண்டு நாள் இருந்துவிட்டுக் கிளம்பும்போது, கப்ளர் உறையைக் கழற்றி, டிரக்கைக் கோர்த்து, விளக்கெல்லாம் சரிபார்த்து, சங்கிலியை மட்டும் மறந்துவிட்டேன். டிரக் அரை அடி நகர்ந்ததும் பின்னால் ஒரு முறுகல் சத்தம். நிறுத்தி இறங்கிப் பார்த்தால் சங்கிலி சக்கரத்தோடு சுழன்று, அச்சின் மேல் ஓடும் மின்பிரேக் வயரைப் பிடுங்கி எறிந்திருந்தது. சக்கரத்துக்கு மேல் உள்ள பிளாஸ்டிக் வளைவும் கிழிந்திருந்தது.

பிளாஸ்டிக் போனால் போகட்டும். பிரேக் வயர் அப்படி இல்லை. ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் ஒரு மின்காந்தம் இருக்கிறது. டிரக்கிலிருந்து மின்சாரம் வரும்போது அது இழுத்து பிரேக்கை அழுத்தும். அந்த வயர் அறுந்தால் அந்தச் சக்கரத்துக்கு பிரேக்கே இல்லை. அங்கேயே உட்கார்ந்து அறுந்த முனைகளைச் சீவி, வெப்பத்தில் சுருங்கும் உறை உள்ள கனெக்டரை நசுக்கி, லைட்டரால் சூடாக்கி ஒட்ட வைத்தேன். மல்டிமீட்டரால் அந்தக் காந்தத்தின் மின்தடையைப் பார்த்தேன். 10 அங்குல பிரேக்குக்கு 3.2 ஓம் வாக்கில் காட்ட வேண்டும், 3.3 காட்டியது. மெதுவாக ஓட்டி, கையால் பிரேக் கன்ட்ரோலரை அழுத்திச் சோதித்த பிறகுதான் சாலைக்கு ஏறினேன். வீட்டுக்கு வந்ததும் அந்த வயர்களை அச்சோடு சேர்த்து ரப்பர் வைத்த கிளிப்பால் இறுக்கிவிட்டேன். சங்கிலி இப்போது அச்சின் பக்கமே போகாமல், சக்கரத்தின் வெளிப்புறத் துளைகள் வழியாக மட்டும் போய் வருகிறது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். சங்கிலியைப் பூட்டியதும் அதன் சாவியையும் டிரக்கின் சாவியையும் ஒரே வளையத்தில் கோர்த்து, ஒரு சிவப்புத் துணிப் பட்டையைக் கட்டிவிடுகிறேன். சங்கிலி கழன்று அதன் பெட்டிக்குள் போன பிறகுதான் பட்டையை எடுப்பேன். சக்கரத்தைப் பூட்டும் எதை வாங்கினாலும், முதல் நாளே இப்படி ஏதாவது ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

புரொப்பேன் சிலிண்டர்கள் போனது எப்படி என்று பார்த்தபோது வருத்தமாக இருந்தது, அவ்வளவு எளிது. இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் ஒரு மரை போட்ட கம்பி நிற்கும். மேலே ஒரு பட்டைத் தகடு. அதை இறுக்குவது காது வைத்த நட்டு ஒன்று. கையால் திருகினால் வந்துவிடும். ஒரு கேபிளை சிலிண்டர் கைப்பிடிகள் வழியாகக் கோர்த்து இந்தக் கம்பியில் சுற்றிப் பூட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நாதாங்கியே கையால் கழலும்போது கேபிள் எதற்கு? காது நட்டுக்குப் பதிலாகச் சாவி போட்டுத் திறக்கும் நட்டு கிடைக்கிறது, அதை மாட்டினேன். அதற்கு முன், அந்தக் கம்பி அடியில் எப்படி நிற்கிறது என்று குனிந்து பார்த்தேன். அங்கேயும் ஒரு சாதாரண நட்டுதான். கீழிருந்து ஒரு ஸ்பேனரால் கழற்றிவிடலாம். அதை எடுத்துவிட்டு, இறுக்கிய பின் தலை உடைந்துபோகும் வகை நட்டைப் போட்டேன். பத்து நிமிட வேலை. எரிவாயு வால்வை மூடுவதற்கு மட்டும் எந்தப் பூட்டும் குறுக்கே இருக்கக் கூடாது. அவசரத்தில் யார் வேண்டுமானாலும் கை விட்டு மூடும்படி அந்த வழியைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

பேட்டரிக்கு இரும்புப் பெட்டி வாங்காமல், இருக்கிற பிளாஸ்டிக் பெட்டியின் மேல் ஒன்றரை அங்குல அகல இரும்புப் பட்டை ஒன்றை வளைத்துப் போட்டேன். ஈய அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறும். காற்றுப் போக வழி வேண்டும். பட்டையின் உள்பக்கம் பழைய ட்யூப் ரப்பரை ஒட்டினேன், பேட்டரி முனையில் இரும்பு பட்டுத் தீப்பொறி பறக்கக் கூடாது என்பதற்காக. பட்டையின் கால்களை ட்ரெய்லர் சட்டத்தில் பிடிக்கும்போது துளை போட வேண்டியிருந்தது. சட்டத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஒருபோதும் துளையிடாதீர்கள். பாரம் அங்கேதான் ஏறுகிறது. துளை நடுப்பகுதியில்தான் வர வேண்டும். முடிந்த இடங்களில் துளையே இல்லாமல் யு போல்ட் போட்டுப் பிடித்து, அதன் நட்டுகளை வெல்டிங் கடையில் ஒரு பொட்டு வைக்கச் சொன்னேன். அதற்கு முன் சிலிண்டர்களையும் பேட்டரி இணைப்பையும் கழற்றிவிட்டுத்தான் வண்டியைக் கொண்டுபோனேன்.

ட்ரெய்லர் வைத்திருக்கும் பலருக்கும் தெரியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பக்கவாட்டில் சாமான் வைக்கும் அறைகள் இருக்கின்றன அல்லவா? அமெரிக்காவில் விற்கும் ட்ரெய்லர்களில் ஏராளமானவற்றில் அந்தக் கதவுகளின் சாவி ஒன்றேதான். சாவியின் மேல் சிஎச்751 என்று பொறித்திருக்கும். உங்கள் சாவியால் பக்கத்து சைட்காரரின் அறையைத் திறக்கலாம். அவர் சாவியால் உங்களுடையதை. கடையில் சில டாலருக்குத் தனியாகவே கிடைக்கும். இதைக் கேட்டு நம்பாமல், பக்கத்து வீட்டு அங்கிளின் வேறு கம்பெனி ட்ரெய்லரில் அவர் அனுமதியோடு என் சாவியைப் போட்டுப் பார்த்தேன். திறந்தது. இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம்.

மாற்றுவது கடினமில்லை. கதவைத் திறந்து உள்பக்கம் பார்த்தால் ஒரு நாக்கு ஒரு திருகாணியில் நிற்கும். அதைக் கழற்றி, பின்னால் உள்ள நட்டை எடுத்தால் பூட்டு வெளியே வந்துவிடும். கதவின் தடிமனுக்கு ஏற்ப 5/8, 7/8, 1 1/8 அங்குலம் என நீளம் மாறும். நான் ஒன்றை மட்டும் அளந்துவிட்டு ஆறும் அதே என்று வாங்கினேன். இரண்டு கதவுக்குக் குட்டையாகப் போய்விட்டது. எல்லாவற்றையும் அளந்துவிடுங்கள். ஆறுக்கும் ஒரே சாவி வரும்படி கேட்டு வாங்கினேன். இந்தக் கதவுகள் மெல்லிய தகடுதான், ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் வளைந்துவிடும். அது தெரிந்தே செய்தேன். சாவி போட்டு அமைதியாகத் திறந்து எடுத்துக்கொண்டு போவது இனி நடக்காது. நெம்பினால் தடயம் இருக்கும், காப்பீட்டுக்கும் அது உதவும். விலை அதிகமான எதையும் அந்த அறைகளில் இப்போது வைப்பதில்லை. புதிதாக வாங்கிய ஜெனரேட்டர் டிரக்கின் பின்சீட்டில் எங்களோடு வருகிறது.

இருக்கும் இடத்தைக் காட்டும் ட்ராக்கர் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று ஆப்பிளின் ஏர்டேக். மலிவு, சிஆர்2032 பொத்தான் பேட்டரி ஒரு வருடம் போல வரும். ஆனால் அது தானாக எங்கும் பேசாது. பக்கத்தில் போகிற ஐபோன்கள்தான் அதைக் கேட்டுச் சொல்ல வேண்டும். காட்டுக்குள் ட்ரெய்லர் தனியாக நிற்கும்போது கேட்க ஆள் இல்லை. நெடுஞ்சாலைக்கு வந்தால் கேட்கும். இன்னொன்று, அறிமுகமில்லாத டேக் தன்னோடு பயணம் செய்தால் திருடனின் போனுக்கும் எச்சரிக்கை போகும். மனிதர்களை ரகசியமாகப் பின்தொடரக் கூடாது என்று வைத்த ஏற்பாடு அது, இருக்க வேண்டியதுதான். ஆகவே அதை இரண்டாவது காவலாகத்தான் வைத்திருக்கிறேன்.

முதல் காவல், செல்போன் சிம் போட்ட ஜிபிஎஸ் கருவி. மாதச் சந்தா உண்டு. அதை ட்ரெய்லர் பேட்டரியோடு இணைத்தேன். இணைத்த இடம் முக்கியம். பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்று வெளியிலேயே இருக்கிறது. அதற்கு அப்புறம் இணைத்தால் திருடன் சுவிட்சைத் திருகியதும் கருவி செத்துவிடும். சுவிட்சுக்கு முன்பாக, 1 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்து இணைத்தேன். பேட்டரியையே பிடுங்கினாலும் சில நாள் தாங்கும்படி உள்ளுக்குள் தனி பேட்டரி உள்ள மாடல் அது. வெளிச்சுவர் அலுமினியத் தகடாக இருந்தால் அதன் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள், சிக்னல் போகாது. எங்களுடையது ஃபைபர்கிளாஸ். எங்கே வைத்திருக்கிறேன் என்பதை மட்டும் எழுதமாட்டேன். மத்திய டெக்சஸின் குன்றுப் பகுதியான ஹில் கன்ட்ரியில் பல பள்ளத்தாக்குகளில் செல் சிக்னலே இல்லை. இருந்த இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, சிக்னல் கிடைத்ததும் மொத்தமாக அனுப்பும் கருவியாகப் பார்த்து வாங்குங்கள்.

அசைவு தெரிந்தால் அலறும் சைரன் ஒன்றும் போட்டேன், எடுத்தும்விட்டேன். மே மாதம் ஒரு ரக்கூன் ஏறி இரவு இரண்டு மணிக்கு அதை அலற வைத்தது. டெக்சஸ் ஸ்டேட் பார்க்குகளில் இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். சுற்றியிருந்த கூடாரங்களில் சின்னக் குழந்தைகள் இருந்தார்கள். காலையில் ஒவ்வொரு சைட்டாகப் போய் மன்னிப்புக் கேட்டோம்.

திருட்டு நடந்த அன்று புகார் எழுத வந்த டெபுடி (ஷெரிஃப் அலுவலகக் காவலர்) கேட்ட முதல் கேள்வி ஜெனரேட்டரின் வரிசை எண். என்னிடம் இல்லை. இப்போது ட்ரெய்லரின் 17 இலக்க வின் எண் (வண்டியின் அடையாள எண்), பொருள்களின் வரிசை எண்கள், ஒவ்வொரு பக்கத்தின் படம், கீறல்கள் உட்பட எல்லாம் போனில் இருக்கின்றன. உரிமைப் பத்திரம் ட்ரெய்லருக்குள் இருந்தது. அதை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். வின் தகட்டைப் பிடுங்கிவிடலாம் என்பதால் அதன் கடைசி எட்டு இலக்கங்களைச் சட்டத்தில் இரண்டு மறைவான இடங்களில் பொறித்திருக்கிறேன். டிரக்கின் காப்பீடு ட்ரெய்லரால் பிறருக்கு ஏற்படும் சேதத்தைப் பார்த்துக்கொண்டாலும், ட்ரெய்லரே திருடு போனால் பெரும்பாலும் பணம் தராது. அதற்குத் தனிப் பாலிசி வேண்டும். உள்ளே உள்ள பொருள்களுக்கு வரம்பு எவ்வளவு என்பதையும் அதிலேயே படித்துவிடுங்கள்.

ஜூன் முடிவில் எல்லா வேலையும் முடிந்தது என்று நினைத்தேன். ஜூலை 4 அதிகாலையில் குவாடலூப் ஆற்றில் வெள்ளம் வந்தது. ஹன்ட், கெர்வில் பக்கம் முக்கால் மணி நேரத்தில் ஆறு 26 அடி ஏறியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கோடை முகாமில் இருந்த சிறுமிகள், ட்ரெய்லர்களை நிறுத்தித் தங்கும் ஆற்றங்கரை ஆர்வி பார்க்குகளில் தூங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத் தூரம். அப்படிப்பட்ட கரைகளில் நாங்களும் எத்தனையோ இரவு தூங்கியிருக்கிறோம்.

அன்று மாலை மனைவி கேட்டாள்: "என்னங்க, இவ்வளவு பூட்டு போட்டிருக்கீங்க. ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணி வந்தா இதெல்லாம் கழற்ற எவ்வளவு நேரம் ஆகும்?" எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் வீட்டு முற்றத்தில் இருட்டிய பிறகு டார்ச் லைட்டை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கழற்றிக் கோர்த்துப் பார்த்தேன். 19 நிமிடம். கப்ளர் பூட்டின் சாவித்துவாரத்தில் தூசி அடைத்து, அதற்கே மூன்று நிமிடம் போனது.

அதற்குப் பிறகு நிறைய மாற்றினேன். இதுவரை, இரவில் ட்ரெய்லரை டிரக்கிலிருந்து கழற்றாமலே தூங்குவதும் ஒரு காவல் என்று நினைத்திருந்தேன். டிரக்கோடு கோர்த்து, உள்ளே ஆள் தூங்கும் ட்ரெய்லரை யாரும் இழுத்துப் போகமாட்டார்கள் என்பது உண்மைதான். ஆற்றங்கரையில் இனி அதைச் செய்யமாட்டோம். டிரக் கழன்று, மேட்டுப்பக்கம் பார்த்து நிற்கும். சாவி கதவுக்குப் பக்கத்துக் கொக்கியில் இருக்கும். தண்ணீர் வந்தால் ட்ரெய்லரையும் அதன் பூட்டுகளையும் திரும்பிப் பார்க்காமல் மூவரும் டிரக்கில் ஏறி மேட்டுக்குப் போவோம். நடந்து போவதுதான் வேகம் என்றால் நடந்து போவோம். இதை மகளிடமும் சொல்லி, இருட்டில் இரண்டு முறை நடந்தே பழகிவிட்டோம். சங்கிலியும் உறையும் நாங்கள் இல்லாத பகல் நேரத்துக்கு மட்டும். இரவில் உள்ளே இருக்கும்போது மூக்கில் சின்னப் பூட்டு ஒன்று போதும். காட்டுத்தீ என்று வெளியேறச் சொன்னால் கோர்த்துக்கொண்டு போக அவகாசம் கிடைக்கலாம். அதற்காகப் பூட்டுகள் எல்லாவற்றையும் ஒரே சாவிக்கு மாற்றினேன். சாவித்துவாரங்களுக்கு எண்ணெய்க்குப் பதில் கிராஃபைட் தூள். எண்ணெய் தூசியைச் சேர்த்துப் பிசினாக்கிவிடுகிறது. இப்போது நான் கழற்றினால் எட்டு நிமிடம். மனைவி கழற்றினால் பதினொன்று. அவளுக்குத் தூக்க வசதியாக உறையில் ஒரு கைப்பிடி வெல்டிங் செய்திருக்கிறேன்.

நவம்பரில் ஜங்ஷன் ஊருக்குப் பக்கத்தில் சவுத் லானோ ரிவர் ஸ்டேட் பார்க்குக்குப் போனோம். 2018 அக்டோபரில் அந்த ஊரில் இருந்த ஓர் ஆர்வி பார்க்கை இதே ஆறு வாரிக்கொண்டு போயிருக்கிறது. முதல் வேலையாக மேட்டுக்கு எந்தப் பாதை என்று நடந்து பார்த்துவிட்டுத்தான் ஜாக்கை இறக்கினோம். அது இருண்ட வானத்துக்குப் பெயர் பெற்ற பூங்கா. அதனால் அசைவு தெரிந்தால் எரியும் விளக்கையும் அணைத்துவிட்டேன். இரவெல்லாம் நட்சத்திரம் பார்த்தோம்.

மகளுக்குப் புது சைக்கிள் வாங்கியாகிவிட்டது. பழையதைப் பின்பக்க பம்பரில் மாட்டி, பம்பரோடு சேர்த்துத்தான் பூட்டியிருந்தேன். அந்தப் பம்பர் நாலு அங்குலச் சதுரக் குழாய்தான், மெல்லிய தகடு. கழிவுநீர்க் குழாயை உள்ளே செருகி வைக்கிற இடம் அது. அதன் வெல்டிங் சைக்கிள் பாரத்தையே வெகுநாள் தாங்காது என்பது பிறகுதான் புரிந்தது. இப்போது சட்டத்தின் பின் குறுக்குக் கம்பியில் யு போல்ட் போட்டு ஒரு தடித்த வளையத்தைப் பிடித்திருக்கிறேன். சைக்கிள் ட்ரெய்லருக்குள் பயணம் செய்யும். கேம்ப் போட்டதும் வெளியே வந்து அந்த வளையத்தில் பூட்டப்படும். அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் தனிச் சாவி. அவள் கழுத்தில் கயிற்றில் போட்டுக்கொண்டு திரிகிறாள். ஞாயிறு காலை நான் எழுந்து வரும்போது வளையம் காலியாக இருந்தது. பூட்டு திறந்து, ஒழுங்காகச் சங்கிலியிலேயே மாட்டியிருந்தது. ஆற்றுப் பாதையில் அவள் மணி அடிக்கிற சத்தம் கேட்டது.